ட்ரைசூட்டுக்குள் அணியும் உடை பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொபர்மோரியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகளில் சிலர் சுழியோடலில் ஆர்வம் காட்டத் தொடங்கியிருக்கும் வேளையில், ஹியூரன் ஏரியின் அந்தப் பகுதியைத் தமிழில் அறிமுகப்படுத்தியமைக்கு நன்றி. ஆயினும், உடம்பு நனையாமல் காக்கும் சுழியோடல் உடையான ட்ரைசூட்டை வாங்கியபின் அதற்குள்ளே அணிய வீட்டிலிருக்கும் பருத்திச் சட்டையும் பழைய ஸ்வெட்டரும் போதும் என்று அதில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஏரியில் நெடுங்காலமாகச் சுழியோடி வருபவன், புதியவர்கள் உபகரணம் தெரிவுசெய்யும்போது கூட நிற்பவன் என்ற முறையில், அந்த வரியை நம்பி யாரும் நீரில் இறங்கிவிடக் கூடாது என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

ட்ரைசூட்டின் வேலை நீரை உள்ளே விடாமல் தடுப்பது. இன்று பலரும் வாங்கும் ட்ரைலாமினேற் வகை, இரண்டு துணிகளுக்கு இடையே மெல்லிய இறப்பர்ப் படலத்தை வைத்து ஒட்டியது. அதனால் மட்டும் உடம்புக்குச் சூடு கிடைப்பதில்லை. நுண்குமிழிகள் நிறைந்த இறப்பரான நியோப்பிரீனால் செய்த ட்ரைசூட் ஓரளவு சூட்டைக் காக்கும் என்றாலும், ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தத்தில் அதன் நுண்குமிழிகள் சுருங்கிப்போவதால், குளிர் மிகும் இடத்தில்தான் அதன் பயன் குறைகிறது. நீர் நம் உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் கடத்திச் செல்லும். அந்த இழப்பைத் தடுப்பது, உள்ளே அணியும் உடையின் இழைகளுக்கிடையே அசையாமல் தங்கியிருக்கும் காற்றுத்தான். ஆகவே உள்ளுடையை ட்ரைசூட்டுக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் துணைப்பொருளாகக் கருதுவது தவறு.

ரொபர்மோரிக்கு இது ஏன் முக்கியம் என்பதை அந்த ஏரியின் இயல்பே காட்டுகிறது. நன்னீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதனால் அந்தக் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிட, கோடைச் சூரியன் மேலடுக்கை மட்டுமே சூடாக்குகிறது. ஓகஸ்ட் மாதத்தில் மேலே சுகமாக நீந்தக்கூடிய நீர் இருக்கும். வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கைத் தாண்டிக் கீழே போனால், ஆடியிலும் மார்கழிக் குளிர்தான். 1884இல் மூழ்கிய அரேபியா என்னும் பாய்க்கப்பல் 30 மீட்டருக்கும் கீழே, அந்தக் குளிருக்குள்தான் கிடக்கிறது. கரையோரத்தில் ஆழமற்ற நீரில் இருக்கும் ஸ்வீப்ஸ்ரேக்ஸ் கப்பலைப் பார்க்கப் போதுமான உடை, அரேபியாவுக்குப் போதாது. கடையில் வாங்கும்போது, தாம் போகவிருக்கும் ஆழத்தில் நீர் எத்தனை பாகை, அங்கே எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம், அந்த நேரத்தில் உடம்புக்கு வேலை இருக்குமா அல்லது அசையாமல் மிதந்துகொண்டு படம் எடுக்கப்போகிறோமா என்பவற்றையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. அடியிலுள்ள 4 பாகைக்காக உடுத்தவர், படகின் மேல்தளத்தில் கோடை வெயிலில் நின்றபடியே காற்றுத் தொட்டியைத் தூக்கி, ஈய எடைகளைக் கட்டி, முறை வரும்வரை காத்திருக்கிறார். அதற்குள் முதுகும் மார்பும் வியர்வையில் நனைந்துவிடும். பருத்தி அந்த வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். நீருக்குள் போனதும் அந்த ஈரமே குளிராகிறது. இப்படிப் பருத்திப் பெனியனோடு இறங்கிய ஓர் இளைஞர், மேலே வந்தபின் கொடுகி நடுங்கியபடி தன் தோள்பட்டிக் கொக்கியைத்தானும் கழற்ற முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய ட்ரைசூட்டில் ஒரு சொட்டு நீர் கசிந்திருக்கவில்லை. தோலோடு ஒட்டும் முதல் அடுக்கு, வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய பொலியெஸ்ரராகவோ, ஈரத்தை ஓரளவு உள்வாங்கியும் சூடு தரும் மெரினோ கம்பளியாகவோ இருக்க வேண்டும். இறங்கும் நேரம்வரை ட்ரைசூட்டின் சிப்பைத் திறந்து வைப்பதும், நிழலில் நிற்பதும், தலையுறையைக் கடைசியில் போடுவதும் செலவில்லாத காப்புகள்.

அதற்கு மேல் அணியும் தடித்த அடுக்கில்தான் பெரும் பணம் செலவாகிறது. ஆராய வேண்டியதும் அங்கேதான் அதிகம். பஞ்சுபோன்ற செயற்கைத் துணியான ஃபிளீஸ் மலிவானது, தோய்ப்பது சுலபம், இளங்குளிருக்குப் போதுமானது. ஆனால் நல்ல சூடு தருமளவுக்குத் தடிப்பாக எடுத்தால் உடம்பைப் பொம்மைபோல் ஆக்கி அசைவைக் கட்டிவிடும். தின்சுலேற் மிக நுண்ணிய செயற்கை இழைகளால் ஆனது. அதே தடிப்பில் கூடுதல் சூடு தரும், நீரை எளிதில் உறிஞ்சாது. ட்ரைசூட் கிழிந்தோ, நீர் புகாதபடி கழுத்தைச் சுற்றி இறுக்கும் இறப்பர் அறுந்தோ நீர் உள்ளே புகுந்தால், ஏறி வந்து படகைச் சேரும்வரை உயிரைக் காக்கும் சூடு எஞ்சியிருக்குமா என்பதே இந்த உடைக்கான உண்மையான சோதனை. அந்தச் சோதனையில் நனைந்த ஸ்வெட்டரைவிட இது பல மடங்கு மேலானது. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று இதன் தடிப்பைக் குறிப்பிடுவார்கள். ஹியூரனின் அடிநீருக்கு 200 கிராம் உடையோடு நல்ல கம்பளி அடியுடையைச் சேர்த்துக்கொள்வது பலருக்குப் பொருந்தும் என்பதும், எளிதில் விறைத்துப்போகிறவர்கள் 400 கிராமையே நாடுவது நல்லது என்பதும் என் கருத்து. குளிரைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், நண்பருக்குப் பொருந்தியது என்பதற்காக அதையே வாங்க வேண்டாம்.

அளவு சரியாக அமையாவிட்டால் எந்தத் துணியும் பயன் தராது. இறுக்கமான ட்ரைசூட்டுக்குள் தடித்த உடையைத் திணித்தால் இழைகள் நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். அணிந்தவர் தடிப்பாகத் தெரிவார், ஆனால் குளிரில் நடுங்குவார். இறங்கும்போது தொட்டியிலிருந்து ட்ரைசூட்டுக்குள் போதிய காற்றை விடாமல் இருந்தாலும் இதுவே நடக்கும். ஆகவே ட்ரைசூட்டை அளவு பார்க்கப் போகும்போதே உள்ளுடையையும் கொண்டுபோய், இரண்டையும் அணிந்து, குந்தியிருந்து, இரு கைகளையும் முன்னே கட்டி, பின்கழுத்துக்குப் பின்னால் உள்ள தொட்டி வால்வைத் தொடும் பாவனையில் கையை வளைத்துப் பார்க்க வேண்டும். கை அங்கே எட்டாவிட்டால் அந்தச் சேர்க்கை பாதுகாப்பானது அல்ல. உள்ளுடைக் கைப்பகுதியின் விளிம்பு ட்ரைசூட்டின் மணிக்கட்டு இறப்பருக்குள் ஓர் இழையளவு அகப்பட்டாலும், அதன் வழியே நீர் கசிந்து முழங்கைவரை நனைத்துவிடும் என்பதால், உடுத்தியபின் அந்த இடத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். பஞ்சு உதிரும் மலிவான ஃபிளீஸ், இடது மேற்கையிலுள்ள வெளியேற்று வால்வில் படிந்து அதை அடைக்கக்கூடும்; மேலேறும்போது விரியும் காற்றை அந்த வால்வு வழியாகத்தான் வெளியேற்ற வேண்டியிருப்பதால், இதைச் சிறிய விடயமாக எண்ணக் கூடாது.

உள்ளுடை தடிக்கத் தடிக்க உள்ளே தங்கும் காற்றும், அதை ஈடுசெய்யக் கட்டும் ஈயமும் கூடும். ஆகவே புதிய உடையோடு நேரே அரேபியாவுக்குப் போகாமல், ஆழமற்ற இடத்தில், தொட்டியில் காற்றுக் குறைந்த நிலையிலும் நிலைத்து நிற்க முடிகிறதா என்று எடையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். காலுறையைப் பற்றியும் ஒரு சொல்: இரண்டு சோடி தடித்த காலுறைகளை இறுக்கமான பூட்ஸுக்குள் நுழைத்தால் இரத்த ஓட்டம் குறைந்து, கால் முன்னைவிட விரைவில் விறைக்கும்.

குளிரை வெறும் அசௌகரியமாக எண்ணுவோரும் உள்ளனர். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோடல் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வில், அடியில் வெதுவெதுப்பாக இருந்து, மேலேறி அழுத்தம் குறையும் கட்டத்தில் குளிர்ந்தவர்களுக்கு அழுத்தக் குறைவு நோய் (ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் மேலேறும்போது குமிழிகளாகி உண்டாக்கும் நோய்) அதிகமாக வந்தது. குளிர்ந்த உடம்பில் இரத்த ஓட்டம் சுருங்குவதால், உறிஞ்சிய நைதரசன் வெளியேறத் தாமதமாகிறது. ஆகவே உடையின் தரத்தை இறங்கிய முதல் ஐந்து நிமிடங்களில் அல்ல, மேலேறும் கடைசி நிமிடங்களில்தான் மதிப்பிட வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சூடேற்றும் மேலங்கி அணிவோருக்கும் இதுவே பொருந்தும்: அது பாதி வழியில் நின்றுபோனாலும் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு உள்ளுடை தன்னளவில் போதுமானதாக இருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க நேரிடும் என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இறங்குவதும் அதே நோய்க்கு இடங்கொடுக்கும்; சுழியோடிகளுக்கான உறிஞ்சும் அணையாடையோ, ட்ரைசூட்டில் பொருத்தும் வடிகுழாயோ பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

செலவு பற்றிய கட்டுரையாளரின் அக்கறை நியாயமானதே. எல்லாவற்றையும் ஒரே வேளையில் வாங்க முடியாதவர்கள், ட்ரைசூட்டைப் பழையதாக வாங்கி, இறப்பர்களை மாற்றி, கசிவுச் சோதனை செய்துகொண்டு, மிஞ்சிய பணத்தை நல்ல உள்ளுடைக்கு ஒதுக்கலாம் என்பது என் ஆலோசனை. தங்கள் கட்டுரை இணையப் பதிப்பிலும் இருப்பதாலும், இந்தக் கோடையில் பலர் அதைப் பார்த்துப் பொருள் வாங்கக்கூடும் என்பதாலும், பருத்திச் சட்டை போதும் என்ற அந்த வரியை நீக்கித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ரொறன்ரோ