பல்லாவரத்திலிருந்து பாப்பாவுக்கு

பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சித்தி வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, பேசும்போது சொல்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

முன்பெல்லாம் போன் செய்தால் உன் பாறை, உன் மைக்ராஸ்கோப் என்று அரைமணி நேரம் பேசுவாய். பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் அதையே அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்படுவேன். இப்போது "நல்லா இருக்கேன்பா" என்பதோடு சரி. வேலை இருக்கும்.

போன வாரம் எழும்பூர் மியூசியத்துக்குப் போய், அந்தக் காலத்து வெள்ளைக்காரப் புவியியலாளர் புரூஸ் ஃபுட் சேகரித்த கற்களைப் பார்த்துவிட்டு வந்தேன். 1863 மே 30 அன்று நம் பல்லாவரத்துச் சரளைப் பள்ளத்தில் ஆதிமனிதனின் கற்கருவியை எடுத்தபோது அவருக்கு வயது 28, கிட்டத்தட்ட உன் வயது. பாறைகளை ஆராய்ந்து வரைபடம் போடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் மனிதன் செதுக்கிய கற்கள் கிடைத்த செய்தி தெரிந்திருந்ததால், இங்கேயும் குனிந்து பார்த்தார். அந்தச் செப்டம்பரிலேயே கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கம் போனார். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

நீ சொல்லாத ஒன்றை இப்போது படித்தேன். 1884-ல் கர்னூல் பக்கம் பில்லா சுர்கம் குகைகளைத் தோண்டியிருக்கிறார். ஐரோப்பியக் குகைகளைப்போல இங்கும் ஆதிமனிதனின் தடயம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு. இங்கிலாந்திலிருந்து விஞ்ஞானி ஹக்ஸ்லி வற்புறுத்தி, சென்னை கவர்னர் கிராண்ட் டஃப் ஏற்பாடு செய்த வேலை. எத்தனை பேர் கண் அதன்மேல் இருந்திருக்கும்! ஃபுட் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் மகன் ஹென்றி தொடர்ந்து தோண்டினார். அவர் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். கிடைத்தவை பெரும்பாலும் விலங்கு எலும்புகள், காண்டாமிருகம்கூட உண்டு. மனிதன் செதுக்கியவை என்று அவர்கள் கருதிய எலும்புகள் கொஞ்சம். ஆதிமனிதனின் எலும்புக்கூடு வரவேயில்லை.

ஆனால் 1885-ல் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீட்டில் அப்பா அதை எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே மகன் பெயரைப் போட்டிருக்கிறார். தேடிப் போனது வரவில்லையே என்று அந்த மகன் அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருந்தால் எழுத என்ன இருந்திருக்கும்?

உன் கூடப் படித்த பெண்ணின் அம்மா மார்க்கெட்டில் ஏதோ சொன்னார். நீ லேபுக்கே போவதில்லையாம். நான் நம்பவில்லை, உன்னைக் கேட்கவும் மாட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. எங்களுக்கு நல்ல செய்தி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டாயா? முடிவு சரியாக வரவில்லை, கைடு திட்டினார், வேறு படிக்கலாம் என்று தோன்றுகிறது, எதுவானாலும் சொல்லலாம். உன்னை இவ்வளவு தூரம் படிக்க அனுப்பியவன் நான். இரண்டு வரி கேட்க எனக்கு உரிமை இல்லையா?

சரி, கோபிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. தபால் ஆபீஸ் டெபாசிட் அடுத்த மாதம் முதிர்கிறது, அது உனக்குத்தான். பொங்கலுக்கு வர முடியுமென்றால் டிக்கெட் விலை பார்த்துச் சொல். திரும்பிப் போவதை இங்கே வந்து முடிவு செய்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே.

அப்பா