இதழ் இலவசம், காகிதம் இலவசமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு வாசல் நிலைகளை வரைந்து, நான்கு பக்க இதழாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்து வருகிறேன். ஒரு நிலையில் கஜலட்சுமியின் இடப்பக்க யானைக்குத் துதிக்கை நுனி உடைந்திருந்தது, உடைந்தபடியே வரைந்தேன். அந்த வீட்டை இடித்து, நிலையையும் விற்றுவிட்டார்கள்.

வாங்கிச் செல்வோர் "அருமை" என்கிறார்கள். அச்சகத்தார் அருமையை வாங்கிக்கொள்வதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையே, அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம்தான் வாங்கியது. நான் கேட்பது காகிதச் செலவு மட்டுமே.

நகரத்தார் குடும்பங்கள் தங்கள் கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரி போல இது கட்டாயமில்லை. முடிந்தவர்கள் மாதம் ஐம்பது ரூபாய் தரலாம். தராதவருக்கும் இதழ் உண்டு. விளம்பரம் வேண்டாம். (யானைக்குப் பக்கத்தில் வளையல் படம் போடச் சொன்னார் ஒரு நகைக்கடைக்காரர்!) பணத்தை அச்சகத்திலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பள்ளத்தூர்