குச்சியைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கிழக்கு ஆசியாவின் தற்காப்புக் கலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முவாய் தாய்க்கும் சிலாட்டுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தவர், பிலிப்பைன்ஸின் ஆர்னிஸை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். அந்தப் பத்தியும், இரண்டு பேர் குச்சியோடு குச்சி தட்டிக் காட்டும் வேடிக்கை இது, திருவிழாவுக்கும் சினிமாவுக்கும் சரி, நிஜச் சண்டைக்கு உதவாது என்ற தொனியில் இருந்தது. நான் துபாயில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு வேலை பார்க்கிறேன். அவர்களிடமே இந்தக் கலையைப் பல வருடங்களாகப் பழகியும் வருகிறேன். அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று பல பெயர்கள் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம்தான். செபு தீவில் எஸ்க்ரிமா என்பார்கள், அமெரிக்காவில் காலி என்ற பெயர் அதிகம் புழங்குகிறது. ஆயுதம் ஒரு பிரம்பு: சுமார் 28 அங்குல நீளம், ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிமன். சிலம்பத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. சிலம்பக் கம்பு எதிராளியைத் தூரத்தில் நிறுத்திவைக்கும். இந்தப் பிரம்பு ஒரு கைக்கு அடங்குவது, எதிராளியின் மூச்சு படும் தூரத்துக்குள்ளும் வேலை செய்வது.

கட்டுரையாளர் வேடிக்கை என்று ஒதுக்கிய அந்த ‘டக் டக்’ சத்தத்துக்கே வருகிறேன். அது சண்டையின் சத்தம் இல்லை, பாடத்தின் சத்தம். பழைய முறையில் பயிற்சியின்போதே எதிராளியின் கையையும் முன்கையையும்தான் அடிப்பார்கள். விரல் வீங்கி, மணிக்கட்டு வீங்கி, புதிதாக வந்தவர்கள் பலர் பயந்து விலகிவிடுவார்கள். நெக்ரோஸ் தீவின் ஹினிகரான் ஊரில் 1936இல் பிறந்த ரெமி பிரெசாஸ் என்ற ஆசான் இதை மாற்றினார். பயிற்சியில் கையை அடிக்க வேண்டாம், குச்சியைக் குச்சியால் அடித்துப் பழகுங்கள் என்றார். ‘மாடர்ன் ஆர்னிஸ்’ என்று அவர் பெயரிட்ட முறை பள்ளி, கல்லூரி மாணவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு இந்த மாற்றம் ஒரு பெரிய காரணம். ஆக, நாம் காணொளிகளில் பார்ப்பது மாணவன் கை உடையாமல் வீடு திரும்புவதற்காகச் செய்த ஏற்பாடு. உண்மையான இலக்கு அந்தக் குச்சியைப் பிடித்திருக்கும் கை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் கலை முழுதும் வேறு மாதிரித் தெரியும். தலையை அடிக்க வருகிறவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், அவன் கை முதலில் நீண்டுதான் ஆகவேண்டும். அப்படி நீளும் கையை, அவன் என்னைத் தொடும் முன்பே, நான் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து அடித்துவிட்டால் ஆயுதம் கீழே விழுந்துவிடும். பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதை எங்கள் பயிற்சிக் கூடத்தில் சொல்வார்கள். பலம் குறைந்தவருக்கும் உயரம் குறைந்தவருக்கும் வயதானவருக்கும் இந்தக் கலை கைகொடுப்பது இதனால்தான். செபுவின் ‘டோசே பாரெஸ்’ குழுவைச் சேர்ந்த காகோய் கன்யெத்தே என்ற ஆசான் 1919இல் பிறந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், 2016இல் மறைந்தார். வேடிக்கை காட்டும் வித்தையாக மட்டும் இருந்திருந்தால் அந்த வயதில் அவரிடம் கற்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஏன் போக வேண்டும்?

அப்புறம், அடிகளுக்கு எண் கொடுப்பது. பெரும்பாலான பிரிவுகளில் 12 அடிகள். மாடர்ன் ஆர்னிஸில் முதல் அடி இடது நெற்றிப்பொட்டுக்கு, இரண்டாவது வலது பக்கத்துக்கு, பன்னிரண்டாவது உச்சந்தலைக்கு. நடுவில் தோள், வயிறு, மார்பு, முழங்கால், கண் என்று வரிசையாகப் போகும். மேலோட்டமாகப் பார்த்தால் மனப்பாடம் செய்த ஆட்டம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பழகுகிறவன் கற்றுக்கொள்வது கோணங்களை. வருவது குச்சியா, கத்தியா, வெறும் முஷ்டியா என்பது இரண்டாம் பட்சம். எந்தக் கோணத்தில் வருகிறது என்று கண் பிடித்துவிட்டால் உடம்பு தானாக அதற்கான இடத்துக்கு நகர்ந்துவிடும். மற்றப் பல கலைகளில் வெறுங்கையில் தொடங்கிக் கடைசியில்தான் ஆயுதத்துக்கு வருவார்கள். இங்கே முதல் நாளே கையில் பிரம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். பிரம்பில் பழகிய அதே அசைவுதான் பின்னால் கத்திக்கும் வெறுங்கைக்கும் போகிறது.

குச்சி இல்லாத கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. எங்கள் ஆசான் செபுக்காரர். பாடம் நடக்கும்போது பாதி நேரம் என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அது மார்புக்கு முன்னால் விழிப்பாக நிற்க வேண்டும். எதிராளியின் மணிக்கட்டைத் தட்டிவிடும், பிடிக்கும், முழங்கையைத் தள்ளும், குச்சியைப் பறிக்கும். நெருக்கத்தில் நடக்கும் சண்டையை முடிப்பது பெரும்பாலும் அந்தக் கைதான். இரண்டு கையிலும் குச்சி வைத்து ஆடும் ‘சினவாலி’ பயிற்சியைப் பார்த்துத்தான் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் வலது கைக்காரனின் சோம்பேறி இடது கையை எழுப்பிவிடுவதுதான் அதன் முக்கிய வேலை.

செபுவில் 1952இல் வெனான்சியோ பேக்கன் என்பவர் ஒரு குழுவைத் தொடங்கினார். கடிகாரம் பழுது பார்க்கும் கடை ஒன்றின் பின்கட்டில் பயிற்சி. கடை இருந்த தெருவின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள்: பாலின்தாவாக். ஒற்றைக் குச்சி, மிக நெருங்கிய தூரம், ஒரு ஆசானுக்கு எதிரில் ஒரே ஒரு மாணவன். ஆசான் எந்த வரிசையும் இல்லாமல் அடிகளை அனுப்பிக்கொண்டே இருப்பார், மாணவன் தடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும். மாணவன் தேறத் தேற ஆசான் வேகத்தைக் கூட்டுவார், பொய்யடி கலப்பார், தடுமாறினால் குறைத்துக்கொள்வார். ‘அகாக்’ என்று இதற்குப் பெயர். இந்த முறையில் பழகியவரோடு சில நிமிடம் நின்று பார்த்தவர் யாரும் இதை மனப்பாட ஆட்டம் என்று சொல்ல மாட்டார்.

இதைச் சொந்த நாட்டிலேயே நீண்ட காலம் மதிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். கரும்பும் தேங்காயும் வெட்டும் ‘போலோ’ அரிவாளோடு சேர்ந்து வளர்ந்த கலை என்பதால், ஏழைகளின் சண்டை, அடியாட்களின் சண்டை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நகரத்துப் பிள்ளைகள் கராத்தேவுக்கும் டேக்வாண்டோவுக்கும் போனார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம் பண்ணைக் கூலிகளாகப் போன பிலிப்பினோக்கள் அங்கே இதைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1966இல் ஏஞ்சல் கபாலெஸ் என்ற ஆசான் ஸ்டாக்டனில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயிற்சிக் கூடத்தைத் திறந்தார். அதே ஊரில் பிறந்த, புரூஸ் லீயோடு பழகிய ஆசான் டான் இனோசாண்டோ வழியாக இந்தக் கலை ஹாலிவுட் வரைக்கும் போனது. வெளிநாட்டில் பேர் வாங்கிய பிறகுதான் ஊரில் திரும்பிப் பார்த்தார்கள் என்று எங்கள் ஆசான் ஆதங்கத்தோடு சொல்வார். 2009 டிசம்பரில்தான் குடியரசுச் சட்டம் 9850 ஆர்னிஸை பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளிகளின் உடற்கல்விப் பாடத்திலும் சேர்க்கச் சொன்னது. 2019இல் அங்கே நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸுக்கு இருந்த 20 தங்கங்களில் 14ஐ பிலிப்பைன்ஸ் வென்றது.

போட்டி விளையாட்டாக ஆனதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. தடித்த கவசமும் பஞ்சு சுற்றிய குச்சியும் வந்தபோது சிலர் தடுப்பதையே விட்டுவிட்டு, யார் அதிகம் அடிக்கிறார்கள் என்று வீசித் தள்ள ஆரம்பித்தார்கள். கட்டுரையாளர் அப்படி ஒரு போட்டியைப் பார்த்திருந்தால் அவருக்கு வந்த சலிப்பு எனக்குப் புரிகிறது. வெறும் கையாக இருந்தால் எலும்பை உடைத்திருக்கும் அடியை, கவசம் இருப்பதால் வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கிறார்கள். மூத்த ஆசான்கள் பலருக்கு இதில் வருத்தம் உண்டு.

இன்னொரு பக்கம், இந்தக் கலையை மிகைப்படுத்துகிறவர்கள் செய்யும் கெடுதலும் குறைவில்லை. 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில், ஸ்பெயினின் கப்பல்களோடு வந்த கடலோடி மெகல்லன் கொல்லப்பட்டதை, தீவின் தலைவர் லாபுலாபு இந்தக் குச்சிச் சண்டையால்தான் வென்றார் என்று பலர் எழுதுகிறார்கள், உங்கள் கட்டுரையிலும் அது இருந்தது. மெகல்லனோடு பயணம் செய்து, அந்தப் போரில் நேரில் நின்று காயம்பட்ட பிகஃபெட்டா என்பவர் எழுதிவைத்த குறிப்பில் ஈட்டி, அம்பு, கல், வாள் எல்லாம் வருகின்றன. குச்சிச் சண்டை வரவில்லை. மக்டான் மக்களின் வீரத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆர்னிஸின் மதிப்பும் அந்தக் கதையை நம்பி நிற்கவில்லை. ஒருபுறம் ஐந்நூறு வருடப் பெருமை பேசிவிட்டு, மறுபுறம் இன்று கண்ணெதிரே இருக்கும் வித்தையை வேடிக்கை என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்னிஸுக்கு என்று தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எழுதுகிறவர் ஒரு நாளாவது பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதட்டும். புகைப்படம் எடுத்தால் குச்சிகள் மோதும் நொடியை விட்டுவிட்டு, குச்சியில்லாத கையும் கால்களும் எங்கே இருக்கின்றன என்பதை எடுக்கச் சொல்லுங்கள். துபாயில் வெள்ளிக்கிழமைகளில் பழகும் எங்கள் குழுவைப் பார்க்க யார் வந்தாலும் எங்கள் ஆசானிடம் அழைத்துப் போகிறேன். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
துபாய்