புது கம்ப்யூட்டர் இப்போது வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அன்று நம் போட்டோ கடையில் ஆள் வந்துவிட்டதால் போனைப் பாதியில் வைத்துவிட்டேன். போனஸ் பணத்தில் எனக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்பா ராத்திரி சாப்பிடும்போதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் நீ ஆர்டர் போடுவதற்கு முன்னால் நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு கல்யாண ஆல்பம் செய்யும்போது, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி கம்ப்யூட்டரில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டேன். 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. கணக்குப் போட்டால் மூன்று கோடியே 88 லட்சம் பிக்சல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற லேயர் ஒன்றுக்கே 110 எம்பிக்கு மேல் ஆகிறது. நான் ஒரு ஷீட்டில் பத்துப் பன்னிரண்டு லேயர் வைப்பேன். நாலாவது ஷீட்டைத் திறந்தபோது, வேலை நடக்கும்போது படங்களை வைத்துக்கொள்கிற ராம் 8 ஜிபியில் 7.6 போய்விட்டது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பிராசசர் மட்டும் 30ஐத் தாண்டவே இல்லை. கேபினெட் மேல் கை வைத்தால் டிஸ்க் கரகரவென்று அரைப்பது கைக்கே தெரிந்தது. ராமில் இடம் இல்லாததால் போட்டோஷாப் எல்லாவற்றையும் அந்தப் பழைய டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. சுணக்கம் அங்கேதான் இருக்கிறது.

நம்முடையது 2018இல் வாங்கிய ஐ5 8400 பிராசசர், எட்டாம் தலைமுறை. ஆறு கோர். விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனதால் மெஷினையே மாற்ற வேண்டும் என்று நீ பயந்தாய். எட்டாம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11க்கு ஏற்றதுதான். மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்கில் டிபிஎம் என்கிற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தால் போதும். போர்டில் ஒரு ராம் ஸ்லாட்டும், எஸ்எஸ்டி மாட்டுகிற எம்.2 ஸ்லாட்டும் காலியாகக் கிடக்கின்றன. 8 ஜிபி ராம் இன்னொன்று, சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி ஒரு டெராபைட்டில் ஒன்று, இரண்டும் வாங்கினால் போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு ஸ்டிக்தானே.

டிஸ்கை மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. போன மாதம் ஒரு அம்மா வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். பதினாறாம் நாளுக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும், நல்லதாக ஒன்றுகூட வீட்டில் இல்லை. 2019இல் அவர்கள் மகள் கல்யாணத்தில் பந்தி வாசலில் நின்று சிரித்த படம் ஒன்று இந்த டிஸ்கில்தான் கிடைத்தது. பின்னால் நின்றவர்களை எடுத்துவிட்டுப் பெரிதாக்கிக் கொடுத்தேன். திரையில் பார்த்ததுமே அழுதுவிட்டார்கள். அந்த டிஸ்க் ஒருநாள் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் வெளியே வைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கிப் பழைய படங்களையெல்லாம் இன்னொரு காப்பி போட்டு வீட்டுப் பீரோவில் வைக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டாமா என்று கேட்டாய். லைட்ரூமில் படத்தின் புள்ளிப் புள்ளியான கரகரப்பை நீக்குகிற ஏஐ டிநாய்ஸ் போட்டால் இந்த மெஷினில் ஒரு படத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, உண்மைதான். ஆனால் ஒரு ரிசப்ஷனில் அது தேவைப்படுவது இருபது படத்துக்குத்தான். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். அப்பா 4கே வீடியோவில் இறங்கினால் அப்போது புது மெஷினே வாங்கலாம், நானே கேட்பேன்.

எனக்கு உண்மையிலேயே வேண்டியது மானிட்டர். அந்தக் கல்யாண ஆல்பத்தில் முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். திரையில் அரக்காகத்தான் இருந்தது. பிரிண்ட் வந்தபோது காய்ந்த மாதுளைத் தோல் மாதிரி கறுத்துப்போயிருந்தது. ஆல்பத்தை ஜன்னலோரம் வைத்து, திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாதிக்கும் கீழே வந்த பிறகுதான் இரண்டும் ஓரளவு ஒத்துவந்தன. இத்தனை நாள் அளவுக்கு மீறின வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததால் படத்தை இருட்டாக்கி இருட்டாக்கி அனுப்பியிருக்கிறேன். நிறமும் சரியில்லை, தலையைச் சற்றுச் சாய்த்தால் முகமே வேறு நிறமாகிறது. என்ன வேகமான மெஷின் வந்தாலும் இது சரியாகாது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி என்கிற நிற வரம்பை முழுவதும் காட்டுவது, 27 அங்குலம் போதும். நிறத்தை அளந்து சரிசெய்கிற கருவியும் சேர்த்து வாங்க முடியுமா பார். முடியாவிட்டால் மானிட்டர் மட்டும் முதலில்.

ஆக, ராமும் இரண்டு டிஸ்கும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், மானிட்டர் நீ வாங்கிக் கொடு. மீதிப் பணத்தை உன் பேரிலேயே போட்டு வை.

எஸ்எஸ்டியை நீ வந்துதான் மாட்ட வேண்டும், எனக்குக் கை நடுங்கும். அதற்கான குட்டி ஸ்க்ரூ எங்கே என்று பரணில் ஏறிப் பழைய மதர்போர்டு அட்டைப்பெட்டியைத் தேடினேன். பிளாஸ்டிக் கவரோடு அப்படியே இருந்தது. குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த சனிக்கிழமை வருகிறாய் என்று சொல்.

அம்மா