விரல் ரேகை தேய்ந்தால் பென்ஷன் நிற்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவ ஓய்வூதியம், பாதுகாப்புத் துறையின் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய ஏற்பாடு வழியாக நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

எங்கள் கடற்கரையில், இறந்துபோன சிப்பாய்களின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிமார் சிலர் இன்னும் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் முங்குவார்கள். அப்படியும் ரேகை தேய்ந்துபோகிறது. சான்றுக்காகச் சேவை மையத்தில் முந்தானையால் துடைத்துத் துடைத்து விரலை வைத்தாலும் கருவி ஏற்பதில்லை. "நாளைக்கு வாங்கம்மா" என்கிறார்கள். மறுநாள் வந்தால் அந்த நாள் கூலி போச்சு. புருஷனை எல்லைக்கு அனுப்பிவிட்டு வீட்டைத் தாங்கியவர்களை இப்படி அலைய விடுவது வேதனை.

செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதை இவர்களிடம் யார் போய்ச் சொன்னார்கள்? முன்னாள் படைவீரர் நல அலுவலர்கள் பாம்பன், ஏர்வாடி, தொண்டி என ஊர் ஊராக வந்து முகாம் போட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், படையில் ஊனமுற்றதற்கான பென்ஷன் மறுக்கப்பட்ட வீரர் வழக்குப் போட ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. 2007-ல் சட்டமே வந்தது. அதற்கு இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போக வேண்டும். காலை இழந்தவர் எத்தனை வாய்தாவுக்குப் போவார்? ஆண்டில் சில நாளாவது தீர்ப்பாயம் மதுரையில் அமர்ந்து இந்த வழக்குகளைக் கேட்க வேண்டும்.

முன்னாள் படைவீரர் ஒருவர்,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.