வரைந்த கைகளையும் சொல்லுங்கள்

ஐயா,

'பீனோ' என்ற பிரிட்டன் சிறுவர் சித்திரக்கதை இதழின் வரலாறு குறித்த ஞாயிறு இணைப்புக் கட்டுரை கண்டேன். 1938-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தொடங்கியது முதல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு வரை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் ஓவியர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் இல்லாமல் 'பீனோ'வுக்கு ஏது வரலாறு? 1951-ல் அதன் குறும்புச் சிறுவன் பாத்திரமான டென்னிஸை வரைந்தவர் டேவிட் லா. குறும்புச் சிறுமி மின்னியைப் படைத்த லியோ பாக்ஸண்டேல், தன் படைப்புகளின் உரிமைக்காக நீதிமன்றப் படியேறி, 1987-ல்தான் சமரசம் கண்டார்.

லண்டனில் மகள் வீட்டில் முதுகு பிய்ந்த பழைய 'பீனோ' ஆண்டுமலர் ஒன்றைப் பேரன் காட்டினான். "இதை யார் வரைஞ்சது தாத்தா?" என்றான். பக்கம் பக்கமாகத் தேடினோம். ஒரு கையொப்பம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஓவியர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.