இஸ்திரி அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும்

நேத்து மந்தைவெளி மார்க்கெட் வரைக்கும் நடந்தே போய் கீரை, வாழப்பூ எல்லாம் வாங்கிட்டு நடந்தே வந்துட்டேன். இடுப்பு வலி சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேன், இருந்துச்சு, ஆனா பயம் இல்ல. அந்த சந்தோஷம் ஆறறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். என்ன ஆச்சு, எப்படி ஆச்சுங்கறதெல்லாம் உங்க எல்லாருக்கும் தெரியும், அத மறுபடி கிளற எனக்கே இஷ்டமில்ல.

முதல்ல மொத்தமா ஒரு கும்பிடு. ஸ்கேனை பாத்து பயமுறுத்தாம, "நாள்பட்ட வலின்னா அங்க புதுசா அடிபட்டிருக்குன்னு அர்த்தமில்லம்மா, நரம்பு ரொம்ப உஷாராயிடுச்சு"ன்னு பொறுமையா சொன்ன டாக்டர். (யோகா போலாமான்னு தயங்கி தயங்கி கேட்டேன், அமெரிக்க டாக்டருங்க சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸே 2017ல நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னாடி முயற்சி பண்ண சொன்ன லிஸ்ட்ல யோகா இருக்குன்னு சொல்லி அவரே அனுப்பி வச்சாரு.) மீட்டிங்ல நான் எழுந்து நின்னா யாருமே திரும்பி பாக்காத மாதிரி நடந்துக்கிட்ட ஆபீஸ் புள்ளைங்க, தண்ணி கேன் தூக்கி வச்சுட்டு போற எதிர் வீட்டு பையன், ஒரு வேலையும் செய்ய விடாத மாமியார், எல்லாருக்கும் நன்றி.

அப்புறம் யோகா டீச்சர். பெரிய யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் வழியில கத்துக்கிட்டவங்க. நம்ம சென்னையிலயே வாழ்ந்து, 1989ல நூறு வயசுல போனவரு அவரு. வயசான காலத்துல இடுப்பெலும்பு உடைஞ்சப்போ படுக்கையில படுத்துக்கிட்டே செய்யற மாதிரி தனக்குத்தானே பயிற்சி வகுத்துக்கிட்டாராம். ஆளுக்கு ஏத்த மாதிரி ஆசனத்தை மாத்தணுமே தவிர ஆசனத்துக்காக ஆளை வளைக்கக் கூடாதுன்னு டீச்சர் அடிக்கடி சொல்வாங்க. தலைகீழா நிக்க சொல்வாங்கன்னு பயந்து போனவளுக்கு ஆரம்பத்துல ஆசனமே கிடையாது. முழங்காலை மடக்கி படு, முதுகு பாயில எங்க எங்க படுது சொல்லு, அவ்ளோதான். எனக்கு இடது பக்கம் படுதா இல்லையான்னே தெரியல, நிஜமா. கண்ணை மூடினாலும் கை கால் எங்க இருக்குன்னு நமக்கு தெரியுதுல்ல, தசையும் மூட்டும் மூளைக்கு அனுப்பற சேதி அது, வலி நாள்பட்டா சிலருக்கு அந்த சேதி மங்கிடுமாம். அதை திரும்ப கேக்க பழகறதுதான் முதல் பாடம்னாங்க. அப்புறம் மூச்சை இழுத்துக்கிட்டே கையை தூக்கறது, விட்டுக்கிட்டே இறக்கறது, முழங்காலை நெஞ்சுப் பக்கம் கொண்டு வர அபானாசனம், எல்லாமே மெதுவா.

ஆனா இந்த மடல் முக்கியமா நம்ம தெருமுனை இஸ்திரி வண்டி அக்காவுக்குத்தான்.

சாயங்காலம் கொஞ்ச தூரம் நடன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. அக்கா வண்டி வரைக்கும்தான் என்னால முடியும், அங்க நின்னுடுவேன். ஒரு நாள் ஒண்ணும் கேக்காம அவங்க ஸ்டூலை இழுத்து போட்டாங்க. அவங்களுக்குன்னு இருக்கறதே அந்த ஒரு ஸ்டூல்தான். அதுக்கப்புறம் நான் வர்ற நேரத்துக்கு அது காலியா இருக்கும், மேல மடிச்ச துணி வேற விரிச்சு வச்சிருப்பாங்க. உக்காந்துட்டு கிளம்பும்போது ஒரு நாள் சொன்னாங்க, "இன்னாமா, எந்திரிக்கசொல்ல மூச்ச புட்ச்சிக்கிறியே, வுட்டுக்கினே எந்திரி."

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. டீச்சர் கிளாஸ்ல இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க, கிளாஸ்ல நானும் ஒழுங்கா செஞ்சிட்டுதான் இருந்தேன், ஆனா வெளிய வந்ததும் வலி வரப்போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே தாடையை கடிச்சு, தோளை தூக்கி, வயித்தை இறுக்கிக்கிட்டு நிக்கும்னு யாரு பாத்தா? டெய்லி நூத்துக்கணக்குல சட்டை தேய்க்கற அம்மா பாத்திருக்காங்க.

அன்னிக்குதான் அவங்களையே நான் கவனிச்சேன். கரி போட்ட அந்த பித்தளைப் பெட்டி என்னா கனம் தெரியுமா. அதை கையால தள்ளலை அவங்க, காலை லேசா அகட்டி உடம்போட எடையை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாத்தறாங்க, பெட்டி தானா போகுது, கூடவே வாயில "உஸ்"னு ஒரு சத்தம், அதான் மூச்சு விடறது. வண்டிக்கு கீழ ஒரு செங்கல். ஒரு காலை அதுமேல வச்சிருப்பாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த காலு. யாரு சொல்லி குடுத்தாங்கன்னு கேட்டா, "இடுப்பு சொல்லிச்சு"ன்னு சிரிக்கிறாங்க. இப்ப எங்க வீட்டு சமையல் மேடைக்கு கீழயும் ஒரு செங்கல் இருக்கு, தோசை சுடறப்போ அதான் எனக்கு துணை. டீச்சர்கிட்ட சொன்னேன், அவங்க அடுத்த கிளாஸ்ல எல்லாருக்கும் அதை செஞ்சு காட்டினாங்க.

காசு குடுத்து ட்ரீட்மெண்ட் வாங்கறோம், சரிதான், அதுவும் வேணும். ஆனா நாம எப்படி எந்திரிக்கிறோம்னு நின்னு பாக்கற கண்ணுக்கு எந்த பில்லும் கிடையாது. இனிமே யாராவது "இடுப்பு வலிக்குது"ன்னு சொன்னா உடனே எண்ணெய் பேரு, டாக்டர் பேரு சொல்லாம முதல்ல அவங்க உக்காந்து எந்திரிக்கறதை பாப்பேன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

அக்காவுக்கு வலது தோள்ல வலி இருக்கு, ரெண்டு வருஷமா இருக்காம், இப்பதான் வாயை திறந்து சொன்னாங்க. வர ஞாயித்துக்கிழமை டீச்சர்கிட்ட கூட்டிட்டு போறதா இருக்கேன், அவங்களும் சரின்னுட்டாங்க, ஃபீஸ் வேணாம்னும் சொல்லிட்டாங்க. அக்காதான் "ஞாயித்துக்கெழமதாம்மா துணி அதிகம்"ங்கறாங்க. அதனால அன்னிக்கு காலையில மட்டும் நம்ம தெருவுல யாரும் துணி போடாதீங்க ப்ளீஸ், திங்கக்கிழமை குடுத்துக்கலாம்.